திருவனந்தபுரத்தை நடந்து காண்போம்

திருவனந்தபுரத்தில் ஈராண்டு பயின்ற தமிழ் மாணவர் ஒருவரை நிறுத்தி, "இந்நகரில் உமக்குத் தெரிந்த இடங்கள் எவை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். காரியவட்டம் வளாகம், கழக்கூட்டத்து உணவு விடுதிகள், தம்பானூரில் நாகர்கோவில் பேருந்து நிற்கும் இடம், சென்னைக்கு அனந்தபுரி விரைவு வண்டி புறப்படும் நடைமேடை. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் பத்மநாபசுவாமி கோவில், உயிர்க்காட்சிச் சாலை, கோவளம். அவ்வளவே. ஏறுமிடமும் இறங்குமிடமும் நமக்குத் தெரியும். இடையிலே கிடக்கும் நகரம் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கு இப்போது பல நகரங்களில் ஒரு நல்ல வழக்கம் பரவியிருக்கிறது. தமிழில் அதனை 'மரபு நடை' என்கிறோம். விடுமுறை நாளின் காலையில் பதினைந்து இருபது பேர் ஓரிடத்தில் கூடுவர். ஊரின் வரலாற்றையும் கட்டடக் கலையையும் அறிந்த ஒருவர் முன்னே நடப்பார். இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவை, பத்துப் பன்னிரண்டு இடங்களில் நின்று நின்று, இரண்டு மணி நேரத்தில் கடப்பர். சுற்றுலாப் பேருந்து பெரிய கட்டடத்தின் வாயிலில் இறக்கிவிட்டு, முக்கால் மணியில் வந்துவிடுங்கள் என்று சொல்லும். மரபு நடையோ அக்கட்டடத்திற்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள சந்து, கிணறு, திண்ணை, சுமைதாங்கிக் கல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

நம் நாட்டில் இதனை முறையாக நடத்திக் காட்டிய பெருமை அகமதாபாத் மாநகராட்சியைச் சேரும். 1997ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் தொடங்கிய அந்த நடை, காளுப்பூர் சுவாமிநாராயணர் கோவிலிலிருந்து புறப்பட்டு ஜும்மா மசூதியில் முடிகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2017இல், அந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. சென்னையில் 2004இல் எஸ். முத்தையா முதலியோர் தொடங்கிய 'மதராஸ் தினம்', ஆகஸ்டு மாதந்தோறும் பல நடைகளுக்கு வழிகோலியது. இவ்வூரிலும் ஆர்வலர்கள் கூடி அவ்வப்போது நடத்துகிறார்கள். நான் சிலவற்றில் கலந்துகொண்டேன். பின்னர் எங்கள் விடுதி நண்பர் சிலரை அழைத்துக்கொண்டு நாங்களாகவும் நடந்தோம். அவற்றால் அறிந்ததையே இங்குக் கூறப் போகிறேன்.

இது மேனாட்டுச் சரக்கு என்று யாரேனும் ஒதுக்கிவிடலாகாது. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே கண்டவர் நம் முன்னோர். பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ எதிர்ப்பட்டவனிடம், எவ்வழி போக வேண்டும், எங்கே என்ன உணவு கிடைக்கும், எந்த ஊர் எத்தன்மையது என்று வழி சொல்வதுதானே அது? சிறுபாணாற்றுப்படை வஞ்சி, மதுரை, உறந்தை என மூன்று தலைநகரங்களையும் நினைவூட்டிச் செல்கிறது. சிலப்பதிகாரமோ பாதிக்குமேல் நடந்தே செல்லும் காவியம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தான் கண்டதைச் சொன்னான். இன்றைய வழிகாட்டிகளுள் சிலர் தாம் கேட்டதையும் கண்டதைப் போலவே சொல்கிறார்கள். ஆகவே, நடைக்குப் போகிறவர் மனத்தில் மூன்று பெட்டிகள் வைத்துக்கொள்வது நல்லது. கண்ணால் காண்பது ஒன்று. கல்வெட்டும் ஏடும் கூறுவது ஒன்று. ஊரார் சொல்வது ஒன்று. மூன்றும் வேண்டியவையே. ஒன்றை மற்றொன்றின் பெட்டியில் போடாதவரை தொல்லை இல்லை.

இனி, நடப்போம். கிழக்குக் கோட்டையில் தொடங்குவதே வழக்கம்.

கோட்டை வாயிலைக் கடந்ததும் நேரே தோன்றுவது பத்மநாபசுவாமி கோவிலின் கீழைக் கோபுரம். நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்த நமக்கு அதனைக் கண்டதும் ஊர் நினைவு வரும். ஏனெனில் கேரளக் கோவில்களுக்குரிய ஓட்டுக் கூரையும் மரவேலைப்பாடும் இங்கு முன்னே நிற்கவில்லை. ஏழு நிலையும் சுமார் நூறு அடி உயரமும் கொண்ட, பாண்டி நாட்டுப் பாணியில் எழுந்த கோபுரம் அது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இத்தலத்திற்கென ஒரு பதிகமே பாடியிருக்கிறார். 1750இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டையே பத்மநாபருக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசர்' என்ற பெயருடன் ஆண்டார். அப்போது தலைநகர் இதுவன்று, பத்மநாபபுரம். அவருக்குப் பின்வந்த தர்மராஜா காலத்தில்தான், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அரசு இங்கே பெயர்ந்தது. பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்குள்ள அரண்மனையையோ கேரள அரசு பராமரிக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரைந்த எல்லைக்கோடு விட்டுச் சென்ற விந்தைகளுள் அதுவும் ஒன்று.

கோபுரத்தின் முன் நின்றதும் எல்லா வழிகாட்டிகளும் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஆண்டில் இருமுறை, மார்ச்சு மாதம் 20, 21ஆம் நாட்களை ஒட்டியும், செப்டம்பர் 22, 23ஆம் நாட்களை ஒட்டியும், மறையும் ஞாயிறு இக்கோபுரத்தின் நடு வாயில்கள் வழியே மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிலையிலும் தோன்றும். ஒரு நிலைக்கும் மறு நிலைக்கும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். அந்நாட்களில் கூட்டம் கூடிப் படம் எடுப்பதையும் காணலாம். நான் கேட்ட ஒரு வழிகாட்டி, "இது இன்றைய விஞ்ஞானத்தாலும் விளக்க முடியாத அற்புதம்" என்றார். பௌதிகம் படிக்கும் எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. அற்புதம் என்பதில் மறுப்பில்லை. விளக்க முடியாது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. அன்று மாலை விடுதிக்கு வந்து ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்.

பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், ஞாயிறு மறையும் இடம் ஆண்டு முழுவதும் மேற்றிசைக்கு வடக்கும் தெற்குமாக 23½ பாகை அளவில் ஊசலாடுகிறது. பகலும் இரவும் ஒத்திருக்கும் அந்த இரு நாட்களில் மட்டும் நேர் மேற்கில் மறைகிறது. (மேட விஷுவும் இதுவும் ஒன்றல்ல. நம் பஞ்சாங்கத்துச் சித்திரை முதல் நாள் இப்போது 24 நாள் தள்ளி வருகிறது.) ஞாயிறு வானில் நகர்வது மணிக்கு 15 பாகை, ஐந்து நிமிடத்தில் 1¼ பாகை. கோபுரம் நூறு அடி, ஏழு நிலை; ஆகவே ஒரு நிலைக்குச் சராசரி 14 அடி. பதினான்கு அடி உயரம் நம் கண்ணுக்கு 1¼ பாகையாகத் தோன்ற வேண்டுமானால் நாம் ஏறத்தாழ 640 அடி தள்ளி நிற்க வேண்டும். ஆக, 'ஐந்து நிமிடம்' என்பது கோபுரத்தின் குணமன்று. நாம் நிற்குமிடத்தின் குணம். பாதித் தொலைவுக்கு நெருங்கி நின்றால் பத்து நிமிடமாகிவிடும். கோபுரத்தின் மேல் நிலைகள் கீழ் நிலைகளைவிடக் குட்டையாதலின் இடைவேளையும் ஒரே அளவாய் இராது.

இன்னொன்றும் உண்டு. நாம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 8½ பாகையில் இருக்கிறோம். எனவே அந்நாளில் ஞாயிறு செங்குத்தாக இறங்காது. அதே 8½ பாகை அளவு வடக்கே சரிந்தே இறங்கும். முதல் நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் நாம் இரண்டடி போலத் தெற்கே நகர்ந்துகொண்டால் ஞாயிறு வாயிலின் நடுவிலேயே இருக்கும். நகராவிடில் சிறிது சிறிதாக வலப்புறம் ஒதுங்கும். சென்ற முறை நண்பர்களோடு போய் நின்றபோது மேகம் கெடுத்துவிட்டது. இரண்டு நிலைகளே கிடைத்தன. கணக்கைச் சரிபார்க்க அது போதாது. இக்கட்டுரை படிப்போர் யாரேனும் நிற்குமிடத்தை அளந்து, கடிகாரத்தோடு பார்த்துவந்து சொன்னால் மகிழ்வேன்.

இப்படிக் கணக்குப் போட்டுவிட்டதால் சிற்பியின் பெருமை குறைந்துவிடுமோ என்று ஒரு நண்பர் வருந்தினார். குறையாது என்றே எண்ணுகிறேன். நேர் கிழக்கு மேற்காக அமைந்து, முன்னும் பின்னும் வாயில்கள் ஒத்திருக்கும் எந்தக் கோபுரத்திலும் இது நிகழத்தான் வேண்டும். ஆகவே நாம் வியக்க வேண்டியது, அந்த நேர் கிழக்கைத் திசைகாட்டியின்றி எப்படிக் கண்டார்கள் என்பதையே. அதற்கு நம் சிற்ப நூலார் கொண்ட கருவி ஒரு கோல். சங்கு என்பார்கள். சமதரையில் வட்டம் வரைந்து நடுவில் கோலை நாட்டுவார்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தை எங்கே தொடுகிறது, பிற்பகலில் எங்கே தொடுகிறது என்று குறித்து, இரு புள்ளிகளையும் நூல்பிடித்தால் அதுவே கிழக்கு மேற்குக் கோடு. நம் விடுதி முற்றத்தில் எவரும் இதனை ஒரு பகலில் செய்து பார்த்துவிடலாம்.

கோவிலுக்கு அருகே, பத்மதீர்த்தக் குளத்தை நோக்கியபடி 'மேத்தன் மணி' என்னும் பழைய கடிகாரம் இருக்கிறது. தாடி வைத்த ஒரு முகம். இரு புறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணிக்கொருமுறை முகம் வாயைத் திறக்க, கடாக்கள் கன்னத்தில் முட்டும்படி அமைத்த பொறி. சிறுவர்களுக்கு இதனைக் காட்டினால் கோபுரத்தையே மறந்துவிடுவார்கள்.

அதனருகே குதிரை மாளிகை. சுவாதித் திருநாள் மன்னர் கட்டுவித்தது. மேல்மாடக் கூரையைத் தாங்கும் மரத் தாங்கிகளில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் இப்பெயர். இங்கே நின்று கூரையைப் பார்க்க வேண்டும். ஓட்டுக் கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கி நிற்கிறது. ஆண்டில் இரு பருவமழை காணும் நாட்டில் நீர் தங்காமல் ஓடவும், சுவர் நனையாதிருக்கவும், நண்பகல் வெயில் சுவரில் படாதிருக்கவும் அதுவே வழி. சன்னலுக்குப் பதில் நெருக்கமான மரச் சட்டங்கள் உள்ளன. அவை ஒளியைத் தடுக்கும்; காற்றைத் தடுக்கா. உள்ளிருப்போர் வெளியே காணலாம். வெளியிலிருப்போர் உள்ளே காண இயலாது. இம்மன்னரின் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு இருந்தார். வயலினைத் தென்னாட்டு இசைக்கு உரியதாக்கியவர்களில் முன்னவர் அவர். மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். 1846இல் மன்னர் மறைந்தபோது வயது முப்பத்துமூன்று.

இந்த இடத்தில்தான் எங்கள் நடை சற்றுத் தடைப்பட்டது. அகத்தீசுவரம் பக்கத்து நண்பர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். குதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, கோட்டை வீதியைப் பார்த்து, "எங்க பூட்டன் இந்தத் தெருவுல நடந்திருக்க முடியாதுல்லா?" என்றார். கேள்விபோலக் கேட்டாரே தவிர, விடை அவருக்குத் தெரியும். அதுவரை கலந்துகொண்ட எந்த நடையிலும் அந்தச் செய்தி என் காதில் விழவில்லை.

எண்ணிப் பாருங்கள். நாம் 'நடை' என்று பொழுதுபோக்காகச் செய்வது, நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் மக்களுள் பெரும்பாலார்க்கு மறுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் கோவில்களைச் சூழ்ந்த வீதிகள், தாழ்த்தப்பட்டோர்க்கு அடைத்துக் கிடந்தன. சுவாதித் திருநாள் 1837இல் வானாராய்ச்சி நிலையம் நிறுவிய அறிஞர், இசைப் புலவர். அவருடைய ஆட்சியிலேதான் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர், எல்லாரும் ஒன்று என்று சொன்னதற்காக இந்நகருக்குக் கொண்டுவரப்பட்டுச் சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டார். இரண்டும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். குதிரை மாளிகையின் முன் நின்று ஒன்றை மட்டும் சொல்வது பாதி வரலாறு. 1893இல் அய்யன்காளி, வெங்கானூரில் வில்வண்டி பூட்டி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். 1924இல் வைக்கத்தில் போராட்டம் எழுந்தது கோவிலுக்குள் புகுவதற்கன்று. கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கு. அதில் ஈடுபட்டுத் தண்டனை பெற்ற பெரியார் இந்தத் திருவனந்தபுரத்துச் சிறையில்தான் இருந்தார். இறுதியில் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னரின் கோவில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது.

அரண்மனையின் குதிரைகளை எண்ணுவதோடு இவற்றையும் சொல்லாத நடை, எவ்வளவு இனிமையாக இருப்பினும், என் நண்பருக்கு உரிய நடையாகாது. அன்று மீதி வழியை நாங்கள் இதைப் பேசிக்கொண்டேதான் நடந்தோம்.

கோட்டையிலிருந்து கிழக்கே திரும்பினால் சாலைக் கடைத்தெரு. மலையாளத்தில் 'சால' என்பர். தர்மராஜாவின் திவான் ராஜா கேசவதாசன் தொடங்கிவைத்த அங்காடி இது. அவர் பிறந்த குன்னத்தூர், விளவங்கோட்டுப் பகுதியில், இன்றைய குமரி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே மரபு நடைக்குரிய 'கட்டடம்' என்று ஒன்றும் இல்லை. மல்லி, மிளகு, கருப்புக்கட்டி வாசனையும், பாத்திரக் கடைகளும், பூக்கடைகளும், தமிழும் மலையாளமும் கலந்த பேரமுமே காட்சி. இத்தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே, கடைக்கு வருவோரையும் சுமை தூக்குவோரையும் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2015இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார், 2021இல் மறைந்தார். 'தலைமுறைகள்' எழுதிய நீல. பத்மநாபனும், கவடியாரில் வாழ்ந்து 2007இல் மறைந்த நகுலனும் இவ்வூர்த் தமிழ் எழுத்தாளர்களே. மாதவன் கதைகளில் ஒன்றையேனும் படித்துவிட்டு இத்தெருவில் நடப்பவருக்கு வழிகாட்டி தேவையில்லை.

சாலைக்கு அப்பால் வலியசாலை. அங்கே காந்தளூர் மகாதேவர் கோவில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தோர் நிமிர்ந்து உட்காருவர். 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், தன் கல்வெட்டுகளில் முதன்மையாகக் குறிப்பிடும் செயல் காந்தளூர்ச் சாலை பற்றியது. அந்தச் சாலை இதுதானா, விழிஞத்தை ஒட்டியதா என்று அறிஞர் வாதிடுகின்றனர். அங்கே அவன் 'அறுத்த' கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்பதும் வழக்கில் இருக்கிறது. கப்பற்படையை அழித்தான் என்பார் ஒருவர். சாலையில் உண்டி வழங்கும் முறையைத் திருத்தி அமைத்தான் என்பார் மற்றொருவர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதனை ஆராய்ந்து நூல் எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், கோவில் வாசலில் நின்று "இராசராசன் வென்ற இடம் இதுவே" என்று முழங்குவதைவிட, இந்த வழக்கையே விரித்துச் சொல்வதுதான் சுவையானது.

வலியசாலையிலும் கரமனையிலும் அக்கிரகாரத் தெருக்கள் உண்டு. தமிழ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டியவை. ஒரே சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் நீண்ட வரிசை, முன்னே திண்ணை, உள்ளே முற்றம். தோப்பின் நடுவே தனித்து நிற்கும் மலையாள வீட்டினின்று இது முற்றும் வேறானது. சேர்ந்து வாழும் தெருவை வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இவற்றுள் பல இடிந்து அடுக்குமாடிகளாகி வருகின்றன. குடியிருப்போரைக் குறை கூறுவதற்கில்லை. ஓடு மாற்றவும் மரம் செப்பனிடவும் ஆகும் செலவை அவர்கள்தாமே சுமக்க வேண்டும்? ஆயினும் இன்று நடந்து படமெடுத்து அளந்து வைக்காவிடில், பத்தாண்டு கழித்து வரும் மாணவர்க்குத் திண்ணை என்றால் என்ன என்று படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கும்.

வடக்கே மகாத்மா காந்தி சாலை வழியாக நான்கு கிலோமீட்டர் சென்றால் அருங்காட்சியகம். இடையில் உள்ளவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1869இல் திறக்கப்பட்ட தலைமைச் செயலகம், பார்ட்டன் என்ற பொறியாளர் மேனாட்டுத் தூண்களோடு எழுப்பியது. எதிரே சிலையாக நிற்கும் திவான் மாதவராவ் 1828இல் கும்பகோணத்தில் பிறந்தவர். நாஞ்சில் நாட்டு ஏரிக்கு மடை வைக்கவும் செங்கோட்டைக்குச் சாலை போடவும் அந்நாளில் ஆணை பிறந்தது இக்கட்டடத்தில்தான். சற்றுத் தள்ளி 1896இல் கட்டிய விக்டோரியா ஜூபிலி மண்டபம். ஸ்ரீமூலம் பிரஜா சபை இங்கே கூடியது. அதில் உறுப்பினராக அமர்ந்து தம் மக்களுக்குக் கல்வியும் நிலமும் கேட்டவர் அய்யன்காளி. 2019இல் மண்டபத்திற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். வில்வண்டியை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பலகை நெடுநேரம் நிற்க வேண்டிய இடம்.

எதிரே பல்கலைக் கழகக் கல்லூரி. 1873இல் எழுந்த கட்டடம். இங்கே மெய்யியல் பேராசிரியராய் இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்து, 1891இல் 'மனோன்மணீயம்' வெளியிட்டு, 1897இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தவர். அந்நாடகத்தின் பாயிரத்திலுள்ள பாடலையே தமிழ்நாடு 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடி வருகிறது. நம் மன்றக் கூட்டங்களிலும் எழுந்து நின்று பாடுகிறோம். பாடியவர் இந்தப் படிகளில் ஏறி இறங்கியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆண்டு குறித்து நிறுவியவரும் அவரே. ஊர்க்கதைக்கும் கல்வெட்டுக்கும் வேறுபாடு காட்டிய அவரை மரபு நடைக்காரரின் முன்னோடி எனலாம்.

பாளையத்தில் மசூதியும் தேவாலயமும் கணபதி கோவிலும் அருகருகே நிற்பதைக் கண்டு, அருங்காட்சியகத் தோட்டத்திற்குள் நுழைவோம்.

நேப்பியர் அருங்காட்சியகத்தை வரைந்தவர் ராபர்ட் சிசோம். சென்னைச் சேப்பாக்கத்தில் பல்கலைக் கழகத்தின் செனட் மாளிகையைக் கட்டிய அதே கை. இக்கட்டடம் 1880இல் நிறைவெய்தியது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் பெற்றது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. சேப்பாக்கத்தில் வெங்காய வடிவக் கவிமாடங்களை வைத்த சிசோம், இங்கே வந்ததும் கேரளத்து முகப்புக் கூரையையே எடுத்துக்கொண்டார். வண்ணப் பட்டைகளோடு கூடிய செங்கற் சுவர் மட்டுமே அவருடைய பழைய பழக்கம். உள்ளே நுழைந்தால் வெளியைவிடக் குளிர்ச்சி. இதற்கும் மந்திரமில்லை. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்குகிறது. உயர்ந்த கூரைக்கு ஏறும் சூடான காற்று முகப்புத் துளைகள் வழியே வெளியேறுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழேயிருந்து தோட்டத்துக் காற்று வருகிறது. நம் விடுதி அறைகளைக் கட்டியோர் ஒருமுறை இங்கு வந்து பார்த்திருக்கலாம்.

விஞ்ஞான மாணவர்கள் கட்டாயம் காண வேண்டியது ஒன்று மீதியிருக்கிறது. ஆனால் வழக்கமான நடைகளில் அது சேர்வதில்லை. வானாராய்ச்சிக் குன்று. 1837இல் நிறுவிய அந்நிலையத்தின் முதல் தலைவர் ஜான் கால்டிகாட். பின்வந்த ஜான் ஆலன் பிரவுன் 1852 முதல் 1865 வரை பூமியின் காந்தத்தை இடைவிடாது அளந்தார். காந்த ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால் வடநாடுகளில் ஒரு முனை கீழே சாயும். காந்த நடுக்கோட்டில் மட்டும் சாயாமல் கிடையாக நிற்கும். அக்கோடு இந்நகருக்கு அருகே சென்றதுதான் பிரவுனை இங்கே கட்டிவைத்தது. அளவுகளை உயரத்திலும் ஒப்பிட வேண்டி, அகத்திய மலையின் உச்சியிலே, 1,868 மீட்டர் உயரத்தில், இன்னொரு நிலையம் அமைத்தார். ஆம், நம் பொதிகைதான். தமிழ் முனிவர் வீற்றிருப்பதாக நாம் பாடிவரும் மலையில், கருவிகளைச் சுமந்து ஏறிக் காந்தம் அளந்திருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து அதே காந்த நடுக்கோட்டுக்காகவே தும்பைக் கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு அங்கே எழும்பியது. மரிய மகதலேனாள் தேவாலயமே அலுவலகமாய் இருந்தது. இக்குன்றையும் தும்பையையும் இணைத்து ஒரு நடை வகுக்க வேண்டும். இரண்டிற்கும் இடையில் மட்டும் பேருந்து ஏறிக்கொள்ளலாம்.

இத்தனையும் சொன்னதன் நோக்கம் ஒரு வேண்டுகோள். நான் கலந்துகொண்ட நடைகள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ நடந்தன. அவற்றில் குற்றமில்லை, நடத்தியோர் உழைப்பைப் பாராட்டவே வேண்டும். ஆனால் சாலைக் கடைத்தெருவிலும், வலியசாலையிலும், கல்லூரிப் படிக்கட்டிலும் தமிழில் சொல்ல வேண்டிய செய்திகள் இருக்கின்றன. அவற்றை நாம் சொல்லாவிடில் பிறர் சொல்லவில்லை என்று முறையிட உரிமை இல்லை. அதே வேளையில், கோபுரமும் நமது, சாலையும் நமது, அரசும் நமது என்று பட்டியலிட்டுக்கொண்டே போகும் நடையாக அது ஆகிவிடவும் கூடாது. அத்தகைய பேச்சைக் கேட்க மலையாள நண்பரை அழைக்க நமக்கே நாவெழாது. அவரையும் அழைத்து, அவர் சொல்வதையும் கேட்டு நடக்கும் நடையே எனக்கு வேண்டியது.

மன்றத்தின் சார்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தலாம் என்பது சில நண்பர்களின் கருத்து. முதல் நடைக்கு வழி இது: காலை ஆறரை மணிக்குக் கிழக்குக் கோட்டை, கோபுரம், மேத்தன் மணி, குதிரை மாளிகையின் வெளிப்புறம், கோட்டை வீதிகள், சாலைக் கடைத்தெரு, வலியசாலை. எட்டரைக்கு முடித்து அங்கேயே இட்டிலி. கோவிலுக்குள் செல்வது இந்நடையில் இல்லை. உள்ளே செல்ல மதமும் உடையும் பற்றிய விதிகள் உண்டாதலின், எல்லாரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டோம். ஒவ்வோரிடத்திற்கும் ஒரு மாணவர் ஐந்து நிமிடம் பேசப் பொறுப்பேற்க வேண்டும். வலியசாலைக்கு வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் இசைந்திருக்கிறார். கோட்டை வீதிகளுக்கு அகத்தீசுவரத்து நண்பர். சாலைக் கடைத்தெருவுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மாதவன் கதைகளைப் படித்தவர் எவரேனும் முன்வந்தால் அதுவும் நிறைவுறும். குடை கொண்டுவர மறவாதீர்கள்.